அம்மா கையில உப்பு இல்ல, அப்புறம் எங்கிருந்து வருது?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் டாக்டர் இல்ல. இஞ்சினியரிங் முடிச்சுட்டு ஓ.எம்.ஆர்ல பொட்டி தட்டுற கூட்டத்துல ஒருத்தன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கூட்டல் கணக்குதான். அந்தக் கணக்கைப் போட்டப்போ வந்த கடுப்புதான் இந்தப் பதிவு.

சொந்த ஊர் ராஜபாளையம். அப்பா ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல ஷிப்ட்டு பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போன மனுஷன், வடம் புடிக்கிற கூட்டத்துக்கு நடுவுல தலை சுத்துதுன்னு ஒரு கடை வாசப்படியில உட்கார்ந்துட்டார். பக்கத்துல இருந்த கிளினிக்ல பிபி பார்த்தா 180-க்கு 110. அதுவரைக்கும் அவர் பிபி பார்த்ததே கிடையாது. "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" பார்ட்டி.

மாத்திரை கொடுத்த டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம், "உப்பைக் குறைங்க". அவ்ளோதான். இந்த ரெண்டு வார்த்தை எங்க வீட்டுல போட்ட சண்டை இருக்கே, சீரியலே எடுக்கலாம். அம்மா அன்னிக்கே உப்பைப் பாதியாக்கினாங்க. அடுத்த மாசம் கால்வாசி. அப்பா தட்டுல உட்கார்ந்தாலே "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே"ன்னு ஆரம்பிச்சுடுவார். அம்மாவும் சலிக்காம ரசத்துக்கு எலுமிச்சம்பழம், கூட்டுக்கு மிளகு, குழம்புக்குக் கொஞ்சம் கூடப் புளின்னு என்னென்னவோ பண்ணி ஒப்பேத்தினாங்க.

மூணு மாசம் கழிச்சு திரும்பப் போய்ப் பார்த்தா 160-க்கு 100. டாக்டர் அப்பாவை ஒண்ணும் கேக்கல. அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, சமையல்ல இன்னும் உப்பைக் குறைக்கலையா?"ன்னு கேட்டிருக்கார். அன்னிக்கு ராத்திரி அம்மா போன்ல அழுதுட்டாங்க. "நான் என்னடா பண்ணட்டும், இதுக்கு மேல குறைச்சா வெறுஞ்சோத்தைத்தான் போடணும்." அந்த வரி மண்டைக்குள்ள அப்படியே உட்கார்ந்துடுச்சு.

பொங்கல் லீவுக்குப் போனப்போ தொழில் புத்தி வேலை செஞ்சது. புரொடக்‌ஷன்ல பக் வந்தா லாக் எடுத்துப் பார்ப்போம்ல, அதே மாதிரி அப்பா ஒரு நாள் பூரா என்ன சாப்பிடறார்னு வரி வரியா எழுதினேன். சமையல்ல அம்மா போடற உப்பை விட்டுட்டு, கடையில வாங்கின ஐட்டம் மட்டும். பாக்கெட் பின்னாடி போட்டிருக்கிறதைப் பார்த்து எக்ஸெல்ல ஏத்தியாச்சு.

ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். லேபிள்ல "உப்பு"ன்னு போட மாட்டாங்க, "சோடியம்"னு மில்லிகிராம்ல போடுவாங்க. அதை இரண்டரையால பெருக்கினா உப்புக் கணக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள. உப்பாச் சொன்னா 5 கிராம், சுமாரா ஒரு டீஸ்பூன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எல்லாத்துக்கும் சேர்த்து அவ்ளோதான்.

இப்ப நம்ம ஹீரோவோட ஒரு நாள். காலையில இட்லிக்குக் கடையில வாங்கின பொடி ரெண்டு ஸ்பூன், 400. பதினோரு மணி டீக்கு உப்பு பிஸ்கட் ஆறு, 200. மதியம் சாப்பாட்டுல உப்பில்லாத கோபத்துக்கு ஊறுகாய் ஒண்ணரை ஸ்பூன், 700. அப்பளம் ரெண்டு, 240. சாயங்காலம் காராச்சேவு ஒரு கை, சேவுக்கு லேபிள் கிடையாது, அதே மாதிரி ஒரு பாக்கெட் அயிட்டத்தைப் பார்த்து 400-ன்னு போட்டேன். ராத்திரி "லைட்டா இருக்கட்டும்"னு பாக்கெட் சூப் ஒரு கப், 600. ஆக மொத்தம் 2,540 மில்லிகிராம். ஆறு கிராமுக்கு மேல உப்பு. மோர் மிளகாயை நான் சேர்க்கவே இல்ல, அளக்கத் தெரியல.

அதாவது, அம்மா அடுப்படியில ஒரு கல் உப்புகூடப் போடலைன்னாலும் அப்பா லிமிட்டைத் தாண்டி ஓடிட்டிருக்கார். திட்டு வாங்கினது மட்டும் அம்மா.

இதுல எனக்கு இன்னொரு செருப்படி. அந்த சூப் பாக்கெட்டும் பிஸ்கட்டும் மாசாமாசம் சென்னையில இருந்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பினது யாருங்கறீங்க? அடியேன்தான். "அப்பாவுக்கு ஹெல்தியா இருக்கட்டும்"னு. பாக்கெட் முன்னாடி பச்சைக் காய்கறி படம், "நிஜமான தக்காளி"ன்னு பெரிய எழுத்து. சோடியம் பின்னாடி, மடிப்புக்கு உள்ள, எறும்பு எழுத்துல. நானே போன்ல போட்டோ எடுத்துப் பெரிசு பண்ணித்தான் படிச்சேன். அறுபத்தஞ்சு வயசு கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

அதிலயும் ஒரு தில்லாலங்கடி உண்டு. சில பாக்கெட்ல "ஒரு தடவைப் பரிமாறலுக்கு"ன்னு கணக்கு சொல்லுவாங்க. ஒரு தடவைன்னா 30 கிராமாம். யாருய்யா 150 கிராம் மிக்ஸர் பாக்கெட்டை அஞ்சு தடவையாப் பிரிச்சு சாப்பிடறது? கிரிக்கெட் மேட்ச்ல பவர் ப்ளே முடியறதுக்குள்ள காலியாகிடும்.

சரி, நாக்குக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. தெரியாதுங்க, அதான் மேட்டரே. உப்பு மட்டும்தான் சோடியம்னு நாம நினைச்சிட்டிருக்கோம். அப்பளத்துக்குப் போடற அப்பளக்காரம் சோடியம். பிஸ்கட்லயும் கேக்லயும் போடற சமையல் சோடா சோடியம். நூடுல்ஸ், சூப்ல வர்ற மோனோசோடியம் குளுட்டமேட், பேர்லயே சோடியம். சாஸ், ஊறுகாய் கெடாம இருக்கப் போடற சோடியம் பென்சோயேட், அதுவும்தான். அளவுல இதெல்லாம் உப்பை விடக் கம்மிதான், ஆனா நாக்குல கரிக்காம உள்ள போயிடும். இனிப்பு பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்க, அதுலயும் சோடியம் இருக்கும்.

எங்க ஊர்ப் பக்கத்து வேடிக்கை என்னன்னா, இந்தக் கூட்டத்துல நல்ல பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அய்ட்டம். பாலும் சர்க்கரையும்தான், உப்புக்கு வேலையே இல்ல. பால்ல இயற்கையா இருக்கிற சோடியம் மட்டும். அப்பா இதை எப்படியோ கண்டுபிடிச்சு, "உப்புதானேடா கூடாது, அப்ப பால்கோவா அரைக்கிலோ வாங்கு"ன்னார். அம்மா பார்த்த பார்வையில அந்தப் பேச்சு அங்கேயே முடிஞ்சது :-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். "உப்பைக் குறைங்க"ங்கிற அறிவுரை இந்த நாட்டுல யாரைப் பார்த்துச் சொல்லப்படுது? சமைக்கிற பொம்பளைங்களைப் பார்த்து. டாக்டர் சொல்றார், டி.வி.ல சொல்றாங்க, வாட்ஸப்ல பெரியப்பா சொல்றார். உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாங்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2018-ல ஆரம்பிச்ச பிரச்சாரத்துலயும் "இன்னிலேர்ந்து கொஞ்சம் கம்மி"ங்கிற மாதிரிதான் இந்தில சொன்னாங்க. எண்ணெய், சர்க்கரை, உப்பு மூணையும் கொஞ்சம் கம்மி பண்ணுங்கன்னு. யாரு கம்மி பண்ணணும்? நாமதான். பாக்கெட் போடறவன் என்ன பண்ணணும்? அது பத்தி மென்மையா ஒரு வேண்டுகோள்.

தமிழ்நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல. 2020-ல மாநில அளவுல எடுத்த ஸ்டெப்ஸ் சர்வேல, பெரியவங்கள்ல 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. மூணுல ஒருத்தர்! அதுல கட்டுப்பாட்டுல இருந்தது வெறும் 7.3 சதவீதம். இதைப் பார்த்துட்டுத்தான் 2021 ஆகஸ்ட்ல "மக்களைத் தேடி மருத்துவம்" வந்துச்சு. நல்ல திட்டம், எங்க தெருவுலயே பல பேருக்கு வீட்டு வாசல்ல மாத்திரை வருது. குறையே சொல்ல மாட்டேன். ஆனா வாசல் வழியா மாத்திரையைக் கொடுத்துட்டு, மளிகைக் கடை வழியா உப்பை உள்ள விட்டா எப்படி?

சட்டம் என்ன சொல்லுதுன்னு தோண்டினப்போ ஒரு புதையல் கிடைச்சது. 2011-ல வந்த உணவுத் தர விதிமுறைகள்ல ஊறுகாய்க்கு உப்பு அளவு போட்டிருக்காங்க. உப்புதான் கெடாம காக்கிற முக்கியப் பொருள்னா, 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறையக் கூடாது! அதிகபட்சம் இல்லீங்க, குறைந்தபட்சம். அதுல நியாயம் இருக்கு, உப்பு பத்தலைன்னா பூஞ்சை புடிச்சிடும், அதைத் தின்னா வேற வியாதி. ஆனா கணக்குப் போடுங்க: 10 கிராம் ஊறுகாய்ல 1.2 கிராம் உப்பு. ஒரு நாளைக்குண்டான அளவுல கால்வாசி, ஒரு ஸ்பூன்ல. அதனால எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி குறைக்க முடியாதுன்னு எனக்கும் புரியுது. ஊறுகாயில உப்பு வேலை பார்க்குது. சூப்புல, சிப்ஸ்ல, உப்பு பிஸ்கட்ல அது என்ன வேலை பார்க்குது? இன்னொண்ணு எடுக்க வைக்கிற வேலை, அவ்ளோதான்.

பாக்கெட் முன்னாடியே எச்சரிக்கை போடணும்ங்கிற பேச்சு நம்ம நாட்டுல பல வருஷமா ஓடுது. 2019-ல எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ ஒரு வரைவு விட்டாங்க, உப்பு, சர்க்கரை, கொழுப்பு அளவு தாண்டினா முன்னாடி சிவப்பு அடையாளம். அதே வருஷம் டிசம்பர்ல டெல்லி சி.எஸ்.இ அமைப்பு 33 நொறுக்குத்தீனி, துரித உணவுகளை லேப்ல சோதிச்சு, எல்லாமே அந்த வரைவு அளவைத் தாண்டுதுன்னு சொன்னாங்க. அப்புறம் என்ன நடந்துச்சு? 2020-ல வந்த இறுதி லேபிள் விதிகள்ல சோடியம் பின்னாடி போடறது கட்டாயமாச்சு. முன்பக்கச் சிவப்பு காணாமப் போச்சு. 2022-ல சிவப்புக்குப் பதிலா நட்சத்திரம் கொடுக்கலாம்னு புது வரைவு.

நட்சத்திரம்! பரீட்சையில கணக்குல பெயில், ஆனா டிராயிங்கும் பி.டியும் சேர்த்து ஆவரேஜ் போட்டா பாஸுங்கிற கதை. கொஞ்சம் நார்ச்சத்து, கொஞ்சம் பருப்பு சேர்த்தா உப்புக்கு வாங்கின மைனஸ் மறைஞ்சிடும். அப்பாவுக்குத் தெரிய வேண்டியது "இதுல உப்பு ஜாஸ்தி"ங்கிற ஒரே ஒரு வரி. ரெண்டரை நட்சத்திரத்தை வச்சு அவர் என்ன பண்ணுவார், சினிமா விமர்சனமா? விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஏப்ரல்ல மூணு மாசத்துக்குள்ள பரிந்துரை கொடுங்கன்னு கோர்ட் சொல்லுச்சு. ஜூலையில அதுக்கு மேல அவகாசமும் கொடுத்துச்சு. நம்ம கிளையண்ட்டுக்கு இப்படி டெட்லைன் நீட்டினா நம்மளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

வெளிய நடக்காத விஷயம் ஒண்ணும் இல்ல இது. சிலி 2016-ல கறுப்பு எண்கோணம் போட்டுடுச்சு, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்கா அதே 2016-ல ரொட்டி, சிப்ஸ்னு வகைவாரியா உப்புக்கு சட்டப்படி உச்சவரம்பு கொண்டுவந்துச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சது இங்கிலாந்து கதை. 2000-கள்ல அங்க எண்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகளுக்கு அளவு நிர்ணயிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, எல்லாக் கம்பெனியும் ஒண்ணாக் குறைக்கிற மாதிரி பண்ணினாங்க. ரொட்டியில பத்து வருஷத்துல 20 சதவீத உப்பு போச்சு. ஜனங்க யாரும் கவனிக்கவே இல்ல! சராசரி உப்பு 2001 வாக்குல 9.5 கிராமா இருந்தது 2011-ல 8.1 கிராமுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் "கம்பெனிகளே பொறுப்பாப் பார்த்துக்கட்டும்"னு பிடியை விட்டாங்க, வேகம் படுத்துடுச்சு.

இதுல சூட்சுமம் அந்த "எல்லாரும் ஒண்ணா" தான். ஒரு கம்பெனி மட்டும் உப்பைக் குறைச்சா, ஜனம் "சப்புனு இருக்கு"ன்னு அடுத்த பிராண்டுக்குத் தாவிடும். அதனால தனியா எவனும் குறைக்க மாட்டான். சட்டம் போட்டு எல்லாரையும் ஒரே நாள்ல ஒரு படி இறக்கினா யாருக்கும் நஷ்டமில்ல. நாக்கும் சில வாரத்துல பழகிடும். அளவு என்ன வைக்கிறதுன்னு மண்டையை உடைச்சுக்கவும் வேணாம், உலக சுகாதார நிறுவனம் 2021-லயே வகைவாரியா பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கு, சிப்ஸ்னா 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் சோடியம்ங்கிற மாதிரி.

இங்க ரெண்டு பேர் சண்டைக்கு வருவாங்க. முதல் ஆள், "தம்பி, நம்ம நாட்டுல உப்பு பெரும்பாலும் வீட்டுச் சமையல்லதான் வருது, பாக்கெட்ல இல்ல"ன்னு சொல்லுவார். உண்மைதான். டெல்லி, ஹரியானா, ஆந்திராவுல எடுத்து 2019-ல வெளியான ஆய்வுல 80 சதவீதத்துக்கு மேல நாமளா சேர்க்கிற உப்புதான்னு வந்துச்சு. அதை மறைச்சா நான் அயோக்கியன். ஆனா எங்க அப்பா மாதிரி, வீட்டுல ஏற்கெனவே குறைச்சாச்சுங்கிற ஆளுக்கு மிச்சம் எங்கிருந்து வருது? அதோட, எங்க அம்மா தலைமுறையில ஊறுகாய், பொடி, வத்தல் எல்லாம் வீட்டுல மொட்டைமாடியில காய்ஞ்சது. என் அக்கா வீட்டுல எல்லாமே பாக்கெட். அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு, சாயங்காலமானா நூடுல்ஸ். அந்த 80 இன்னும் பத்து வருஷத்துல 80-ஆவே இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

ரெண்டாவது ஆள் இன்னும் நியாயமான ஆள். "ஸ்ரீவில்லிபுத்தூர் பஜார்ல அடுப்பு வச்சு சேவு புழியறவர், சாத்தூர்ல குடும்பமா கடை நடத்தறவர், அப்பளம் தேய்க்கிற அக்கா, இவங்களையெல்லாம் லேபுக்குப் போகச் சொல்றியா?" இல்லண்ணே. அந்தச் சேவுல என்ன இருக்குன்னு எனக்குக் கண்ணுக்குத் தெரியுது, அவர்கிட்டயே "உப்பு கம்மியா ஒரு ஈடு போடுங்க"ன்னு கேக்கலாம். நான் கேட்டேன். மனுஷன் சிரிச்சுட்டு, "வித்தா போடறேன் தம்பி"ன்னார். நியாயமான பதில். முதல்ல பல மாநிலத்துல விக்கிற, விளம்பரத்துக்கு நடிகருக்குக் கோடி கொடுக்கிற கம்பெனிகள் மேல சட்டம் வரட்டும். சின்னக் கடைகளுக்கு நாலஞ்சு வருஷம் கழிச்சு, சொல்லிக் கொடுத்து, மெதுவா.

நடுவுல ஒரு இந்துப்பு மேட்டர். "இந்துப்புக்கு மாறுங்க, பிபி போயிடும்"னு வாட்ஸப்ல வந்து, அப்பா கிலோ நல்ல விலை கொடுத்து வாங்கி வச்சிருந்தார். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதாங்க. தாராளமாப் போட்டா தாராளமா ஏறும். பல பாக்கெட்ல அயோடின் வேற இருக்காது. பாதிக்குப் பாதி பலன் இருக்கிறது சோடியம் கம்மியான மாற்று உப்புல, அதாவது கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவுல 600 கிராமத்துல, சுமார் 21,000 பேர்கிட்ட சோதிச்சு 2021-ல வெளியிட்டாங்க, பக்கவாதம் 14 சதவீதம் கம்மி. ஆனா கிட்னி பிரச்சினை உள்ளவங்களுக்கு அது ஆபத்து, சில பிபி மாத்திரையோடயும் ஒத்துக்காது. டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க, ப்ளீஸ்.

வள்ளுவர் ஊடலுக்கு உப்பைத்தான் உவமை சொன்னார், கொஞ்சம் கூடினாலும் கெட்டுச்சுன்னு. அவர் காலத்துல உப்பு போடறவர் கையில அளவு இருந்துச்சு. இப்ப அந்தக் கை யாரோடதுன்னே தெரியல.

எங்க வீட்டு நிலவரம்: எக்ஸெல்லைப் பிரிண்ட் எடுத்து டாக்டர்கிட்டயே காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்தார், அம்மாகிட்ட "ஸாரிம்மா"ன்னார். எனக்கு அதுவே போதும். சூப்பும் உப்பு பிஸ்கட்டும் நின்னாச்சு. ஊறுகாய் அரை ஸ்பூன், ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பளம். அந்த தைரியத்துல அம்மா சாம்பாருக்கு உப்பைக் கொஞ்சம் ஏத்தியிருக்காங்க, சாப்பாட்டுச் சண்டை பாதியாக் குறைஞ்சிருக்கு. டாக்டர் மாத்திரையையும் மாத்தினார், அதனால எது எவ்வளவு வேலை செஞ்சதுன்னு நான் பெருமையடிச்சுக்க முடியாது. போன வாரம் 138-க்கு 88.

இப்ப அப்பாவுக்கு லேபிள் பைத்தியம் புடிச்சிருக்கு. பஞ்சு மார்க்கெட் பக்கம் கடைக்குப் போனா பாக்கெட்டைத் திருப்பி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார், "எழுத்து தெரியலடா, சோடியம் எவ்ளோ?" மீட்டிங் நடுவுல எல்லாம் வரும். நேத்து வந்த போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தா, எங்க வீட்டு நாய்க்கு வாங்கின பிஸ்கட்.